வாரம் ஒரு நாள் கூடி நடத்தல்: இதய நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் நோயாளியின் குடும்பத்தார் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இனி இவர் வெளியே நடந்து போகலாமா, டாக்டர்?" போகலாம் என்று சொன்னால், "தனியாகப் போய் வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?" என்பது அடுத்த கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அந்த அச்சத்தின் காரணமாகவே பல நோயாளிகள் மாதக்கணக்கில் வீட்டு வாசலைத் தாண்டாமல் இருந்துவிடுகிறார்கள். கால் தசைகள் மெலிகின்றன, எடையும் இரத்தச் சர்க்கரையும் ஏறுகின்றன, மனம் சோர்கிறது. இதயத்தைக் காப்பதாக எண்ணிச் செய்யும் செயல் இதயத்துக்கே பாதகமாக முடிகிறது.

இவ்விரு கேள்விகளுக்கும் பொருந்தும் எளிய விடை, நண்பர்களோடு கூடி நடப்பது. அதனால் விளையும் பயன் யாது, எவ்வாறு நடக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பவற்றை இங்கே விளக்குகிறோம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடை

தூத்துக்குடியில் நாங்கள் நண்பர்கள் எட்டுப் பேர் ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குள் ரோச் பூங்கா அருகே கூடுகிறோம். எங்களில் இருவர் மருத்துவர்கள். உப்பு வணிகர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், துறைமுகப் பணியாளர் என மற்றவர்கள் பல தொழிலினர். கடற்கரைச் சாலை, பனிமய மாதா பேராலயம், தோணிகள் நிற்கும் பழைய துறைமுகம், கிரேட் காட்டன் ரோடு ஆகியவற்றைத் தொட்டுத் திரும்புவது எங்கள் வழக்கம். பாதையை நாங்கள் மாற்றுவதில்லை.

இடையில் இரண்டு இடங்களில் நிற்போம். முதலாவது, 1713இல் கட்டப்பட்டு 1982இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட பேராலயத்தின் முன்பு. இரண்டாவது, பழைய துறைமுகத்தருகே. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனார் கொழும்புக்குக் கப்பல் விட்ட கதையைத் தலைமையாசிரியர் அங்கே எத்தனை முறை சொன்னாலும் கேட்போம். இவ்வாறு நிற்பதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. மூச்சு வாங்குகிறவர் மற்றவர்கள் முன்னிலையில் நிற்கக் கூச்சப்படுவார். முடியாத நிலையிலும் உடன் நடப்பார். எல்லோரும் நிற்கும் இடம் முன்பே உறுதியாகியிருந்தால் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை.

சில காலத்துக்கு முன், எங்களில் அறுபது வயதைக் கடந்த ஒருவர், வழக்கமாக நிற்கும் இடத்துக்கு முன்பாகவே நின்று தோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் அவ்வாறே நின்றார். மருத்துவர்கள் இருவரும் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டோம். உப்பு வணிகர்தாம் திரும்பி வந்து, "அண்ணாச்சி, போன வாரமும் இதே இடத்துலதான நின்னீங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, வெயிலு" என்பது பதில். அப்போது வெயில் ஏறவே இல்லை. வணிகர் எங்களைக் கூப்பிட்டார். விசாரித்தபோது நெஞ்சில் வலியில்லை, சற்றே கனமாக இருக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்றார். அவர் நீண்ட காலச் சர்க்கரை நோயாளி.

மறுநாள் எடுத்த ஈசிஜியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆஞ்சியோகிராமில் இதயத்தின் முக்கிய இரத்தக்குழாய் ஒன்றில் கடுமையான சுருக்கம் தெரிந்தது. ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. அவர் இப்போது மீண்டும் எங்களோடு நடக்கிறார். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறோம். மருத்துவர்களாகிய எங்கள் கண்ணில் படாதது ஒரு நண்பரின் கண்ணில் பட்டது.

நடக்கும்போது மட்டும் ஏன் தெரிகிறது?

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் கொழுப்பு படிந்து உட்புறம் சுருங்கியிருந்தாலும், உட்கார்ந்திருக்கும்போது தேவைப்படும் அளவு இரத்தம் பெரும்பாலும் கிடைத்துவிடும். நடக்கும்போது இதயம் வேகமாகவும் வலிமையாகவும் துடிக்க வேண்டியிருப்பதால் அதன் ஆக்சிஜன் தேவை உயர்கிறது. சுருங்கிய குழாயால் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க இயலாதபோது நெஞ்சில் அழுத்தமோ கனமோ தோன்றுகிறது. நின்றால் தேவை குறைகிறது; தொல்லையும் மறைகிறது. ஓய்வில் எடுக்கும் ஈசிஜி இயல்பாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாததும் இதனால்தான்.

சர்க்கரை நோயாளிகளுக்கும், பெண்களில் பலருக்கும், முதியவர்களுக்கும் நெஞ்சுவலி தெளிவாகத் தோன்றாமல் மூச்சுத்திணறல், வியர்வை, வழக்கத்துக்கு மாறான களைப்பு ஆகியவையே அறிகுறிகளாக அமையலாம். இவற்றை வயதின் மீதும் வெயிலின் மீதும் பழி போட்டுக் கடந்துவிடுவது எளிது. வாரந்தோறும் அதே பாதையில், அதே வேகத்தில், அதே மனிதர்களோடு நடக்கும்போது அவ்வளவு எளிதில் கடந்துவிட முடியாது. சென்ற வாரம் நிற்காத இடத்தில் இவ்வாரம் நின்றால், அது உடன் நடப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பேச்சே அளவுகோல்

எவ்வளவு வேகமாக நடக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். நாடித்துடிப்பை எண்ணுவது ஒரு வழி. ஆனால் இதய நோயாளிகளில் பலர் மெட்டோபிரலால், பைசோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்துகளை உட்கொள்கிறார்கள். இம்மருந்துகள் துடிப்பு உயர்வதைக் கட்டுப்படுத்துவதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்பி வேகத்தைக் கூட்டுவது சரியன்று.

இதைவிட எளிய சோதனை உரையாடலே. நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்; ஆனால் பாட இயலாத அளவுக்கு மூச்சு சற்று ஏறியிருக்க வேண்டும். மிதமான உடற்பயிற்சிக்கு இதுவே அடையாளம். இரண்டு சொற்களுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று மௌனமானால் உடன் நடப்பவர் அதைக் கவனிக்க வேண்டும். குழுவின் வேகத்தை முன்னால் செல்பவர் முடிவு செய்யக் கூடாது. மெதுவாக நடப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

வாரம் ஒரு நாள் போதுமா?

போதாது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை 60 நிமிடமும், மற்ற நாட்களில் நான்கு நாட்கள் 25 நிமிடமும் நடந்தால் 160 நிமிடம் ஆகிவிடும். வாரநாட்களில் தெருவிலேயே நடக்கலாம். ஒரே மூச்சில் நடக்க இயலாதவர்கள் காலையும் மாலையும் பிரித்து நடக்கலாம். ஞாயிறன்று நண்பர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்ற எண்ணமே மற்ற நாட்களில் செருப்பை மாட்ட வைக்கிறது என்பது எங்கள் அனுபவம்.

மாரடைப்புக்குப் பின் உடனே ஒரு மணி நேரம் நடக்க முயல வேண்டாம். மருத்துவர் அனுமதித்த பின், ஐந்து அல்லது பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள் நடக்கலாம். ஆனால் மார்பெலும்பு கூடும் வரை கனமான பையைச் சுமக்கக் கூடாது.

புறப்படும் முன்

- நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால் அதைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். எந்தப் பையில் இருக்கிறது என்பது உடன் வருபவருக்கும் தெரிந்திருக்கட்டும்.
- உங்கள் பெயர், நோய், மருந்துகள், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒன்றை உடன் கொண்டுசெல்லுங்கள்.
- வயிறு நிறைய உண்டவுடன் நடக்காதீர்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழச் செய்யும் மாத்திரையோ எடுப்பவர்கள் முற்றிலும் வெறும் வயிற்றோடும் நடக்க வேண்டாம். குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பொட்டலம் ஒன்று கையில் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் உடனே அதை உண்ணுங்கள்.
- சர்க்கரை நோயாளிகள் பாதத்தை மூடும் காலணி அணியுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கல் குத்தினாலும் தெரியாது. வீடு திரும்பியதும் பாதங்களைப் பாருங்கள்.

காற்றும் வெப்பமும்

கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் ஆவியாகாததால் உடல் குளிர்வது தடைப்படுகிறது. இதயத்தின் வேலை கூடுகிறது. ஆகவே வெயில் ஏறும் முன்பே நடையை முடியுங்கள். நிழலே இல்லாத உப்பளப் பாதைகள் இதய நோயாளிகளுக்கு ஏற்றவையல்ல.

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊரில் மேற்கிலிருந்து காற்று வலுவாக வீசும். கடலை நோக்கி நடக்கும்போது அது முதுகில் தள்ளிவிடும். ஊரை நோக்கித் திரும்பும்போது முகத்தில் மோதும். எதிர்க்காற்றில் அதே வேகத்தில் நடக்க இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். களைத்த பின் எதிர்க்காற்றில் அகப்படாமல் இருக்க, அப்பகுதியை நடையின் முற்பாதியிலேயே கடந்துவிடுங்கள். இயலாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

இதயச் செயலிழப்புக்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு அறியுங்கள். மிகுதியாகக் குடித்தாலும் வீக்கம் கூடும்; குறைவாகக் குடித்தாலும் இரத்த அழுத்தம் தாழும்.

கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள். வேகமாக நடந்து சட்டென்று நின்றால் இரத்தம் கால்களில் தங்கித் தலைசுற்றல் ஏற்படலாம். நடை முடிந்து தேநீர்க் கடையில் அமர்வது நட்பின் ஒரு பகுதியே. அதைத் தடுக்க மாட்டோம். சர்க்கரை இல்லாத தேநீர் போதும். வடைக்கும் மக்ரூனுக்கும் நடந்ததால் உரிமை கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் வலி, அழுத்தம், கனம், இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றில் பரவும் வலி, பேச இயலாத மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம், ஒழுங்கற்ற படபடப்பு. இவற்றுள் எது தோன்றினாலும் நின்று, உட்காருங்கள். மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால் உட்கார்ந்த நிலையிலேயே நாக்கின் அடியில் வையுங்கள். நின்றபடி வைத்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து விழ நேரிடும். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108ஐ அழையுங்கள். மாத்திரை இல்லாதவர்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். மயங்கி விழுந்தால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள்.

தொல்லை நின்றவுடன் தானாக மறைந்துவிட்டாலும் அதை மறந்துவிடாதீர்கள். புதிதாகத் தோன்றியதோ, முன்பைவிடக் குறைந்த தூரத்தில் தோன்றுவதோ, ஓய்வில் வருவதோ ஆனால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். ஓய்வில் நெஞ்சுவலி, அண்மையில் கூடிய கால்வீக்கம், காய்ச்சல், கடுமையான வால்வுச் சுருக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நடக்கத் தொடங்கக் கூடாது.

குடும்பத்தாருக்கு

"நீங்க போக வேண்டாம், உட்காருங்க" என்று சொல்வது அன்பினால்தான் என்பதை அறிவோம். அதற்கு மாறாக, "யாரோடு போறீங்க? எந்த வழியாப் போறீங்க? எப்போ திரும்புவீங்க?" என்று கேளுங்கள். உடன் நடப்பவரின் தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். நோயின் விவரத்தை அவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். நண்பர் குழு இல்லாதவர்களுக்குக் கணவரோ மனைவியோ மகளோ உடன் நடந்தாலும் போதும்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, வாரந்தோறும் எவ்வளவு நேரம் நடந்தீர்கள், எங்கே மூச்சு வாங்கியது, எங்கே நின்றீர்கள் என்பவற்றைக் குறித்து வாருங்கள். இயன்றால் உடன் நடப்பவரையும் அழைத்து வாருங்கள். அவரிடமும் நாங்கள் கேட்க வேண்டியவை உண்டு.