மூக்கு முதலில், நாக்கு பிறகு

எங்கள் வட்டவடையில் சாராயத்தால் நிலத்தை இழந்தவர் என் சித்தப்பா. அதனால் 60 தாண்டியும் மதுவைத் தொடாதவன் நான். சென்ற தீபாவளிக்கு மருமகன் கோவாவில் வடிக்கும் ‘ஹபுசா’ ஜின்னைத் திறந்து, “முகர்ந்து மட்டும் பாருங்கள், மாமா” என்றார்.

மறையூர்ப் பக்கம் புல்தைலம் காய்ச்சுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். நீராவியோடு மணமும் ஏறும். ஜின்னும் அப்படித்தான்; ஏறுவது சாராய ஆவி, மணம் தருவது இமயமலை ஜூனிபர் காய், கொத்தமல்லி விதை, மஞ்சள் முதலியவை. நீராவி எஞ்சினோடு பழகிய எனக்கு இது சட்டென விளங்கியது.

ஆல்கஹால் 40 சதத்துக்கு மேல். அப்படியே முகர்ந்தால் மூக்கு எரிகிறது. சம அளவு தண்ணீர் விட்டதும் மணங்கள் தனித்தனியே எழுந்தன: முதலில் ஜூனிபரின் பிசின் வாசனை, பின்பு கொத்தமல்லி, கடைசியில் மண் மணக்கும் மஞ்சள்.

ஒரு மிடறு சுவைத்தேன், மறைப்பானேன்? நன்றாகவே இருந்தது. மறுபடி ஊற்ற வந்த மருமகனிடம் சித்தப்பாவின் நிலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.