ஒன்றரை மணிக்கு முடியாத வேலை

"டீச்சர் வேலைக்கு என்ன குறை? ஏழரைக்குப் போனால் ஒன்றரைக்கு வீடு. ஏப்ரலில் லீவு, ஓகஸ்டில் லீவு, டிசெம்பரில் லீவு, அதற்கு மேலே நோன்புக்கும் லீவு. மாதம் பிறந்தால் சம்பளம்."

கலியாண வீடொன்றில் என்னோடு ஒரே சஹனில் சாப்பிட்டுக் கொண்டிருந்த சகோதரி ஒருவர் சொன்ன வார்த்தைகள் இவை. நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். நோன்பு விடுமுறையால் குறையும் நாட்களை முஸ்லிம் பாடசாலைகள் மற்ற விடுமுறைகளில் ஈடுசெய்து விடுகின்றன என்ற கணக்கை அந்த இடத்தில் விளக்கப் போனால் சோறு ஆறிவிடும். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது முழுப் பொய்யும் அல்லவே!

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்பும் ஒரு வருடக் கட்டுறுப் பயிற்சியும் முடித்து, 2001இல் கணித ஆசிரியையாக நியமனம் பெற்றேன். முதல் நியமனம் கஷ்டப் பிரதேசப் பாடசாலை ஒன்றில். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். அதைத் தவறவிட்டால் அதிபரின் வீட்டுத் திண்ணைதான். பின்னர் கிழக்கிலே கடலோரமாக உள்ள எங்கள் பகுதிக்கே இடமாற்றம் கிடைத்தது. அன்று முதல் பத்தாம், பதினோராம் தரங்களுக்குக் கணிதம்.

அந்தச் சகோதரிக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் நாள் நான்கு மணிக்குத் தொடங்குகிறது. சுபஹுக்கு முன்பே அடுப்பு எரிய வேண்டும். காலைச் சாப்பாடும் பகல் கறியும் ஒன்றாக ஏறும். ஏழே காலுக்குப் பாடசாலை வாசலில் நிற்காவிட்டால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். காலைக் கூட்டம், கிராஅத், பிறகு இடாப்பு. நாற்பது நிமிடப் பாடவேளைகள் எட்டு. அவற்றில் ஒன்றிரண்டு ஓய்வு என்று நேரசூசி சொல்லும். ஆனால் யாராவது ஒரு டீச்சர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டிருப்பார். அந்த ஓய்வு அவருடைய வகுப்பைப் பார்ப்பதில் போய்விடும். நான் லீவு போடும் நாளில் என் வகுப்பை அவர் பார்ப்பார். இந்தக் கொடுக்கல் வாங்கலை எந்தச் சுற்றறிக்கையும் எழுதிவைக்கவில்லை.

ஒன்றரைக்கு மணி அடிக்கும், உண்மைதான். மணி அடித்ததும் நாற்பது கொப்பிகள் என்னோடு வீட்டுக்கு வரும். பாடக்குறிப்பு எழுத வேண்டும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகளை நிரப்ப வேண்டும். தவணைப் பரீட்சை வந்தால் விடைத்தாள் கட்டுகள். கணித விடைத்தாளைத் திருத்துவது கட்டுரையைத் திருத்துவது போன்றதல்ல. விடை பிழை என்று குறுக்குக் கோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர் கணித ஆசிரியரல்ல. பிள்ளை எந்த வரியில் வழி தவறியது என்று தேட வேண்டும். சரியாக நடந்துவந்த படிகளுக்குப் புள்ளி உண்டு. ஒரு தாளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் நாற்பது தாளுக்கு எத்தனை மணி நேரமென்று கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இடாப்பு என்றேன் அல்லவா? அதைப் பற்றி ஒரு வார்த்தை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது பாடசாலை விடுமுறையில் இருந்தது. ஜனவரியில் அடுத்த வருட இடாப்பை எழுதுவதற்காகப் பழைய இடாப்பைத் திறந்தேன். நான்கு பெயர்களைப் புதியதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பெயரையும் நான் அவசரமாகக் கூப்பிட்டதில்லை.

இனி அந்தப் பையனின் விடயத்துக்கு வருகிறேன்.

2018ஆம் வருடம். பதினோராம் தரத்தில், கடைசி வாங்கில் இருந்து தூங்குவான். கன்னத்தில் கை வைத்து, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை அவனுக்குத் தெரியும். இரண்டு தடவை எழுப்பி நிற்க வைத்தேன். மூன்றாம் தடவை ஏசினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பக்கத்திலிருந்தவன்தான் சொன்னான்: "டீச்சர், அவன் இரவைக்கு பேக்கரியில நிக்கிறான்." என் கையிலிருந்த வெண்கட்டியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டைத் தேடிப் போனேன். தாய் மட்டும் இருந்தார்.

"வாப்பா மௌத்தாகி மூணு வருஷம் டீச்சர். சின்னதுகள் ரெண்டு இருக்கு. இவன் படிச்சு என்ன செய்யப்போறான்? கணக்கும் வருதில்ல. பேக்கரி முதலாளி முழுநேரமா எடுக்கிறன் எண்டு சொல்றார்."

ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016 முதல் சட்டமிருக்கிறது. 1945 முதல் கல்வி இலவசம். 1980 முதல் பாடப்புத்தகமும், 1993 முதல் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு அதைச் சொல்ல நா எழவில்லை. "டிசெம்பர் வரை பொறுங்கள், பரீட்சையை எழுதட்டும்" என்று மட்டும் கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. தேநீர் ஊற்றித் தந்தார்.

எங்கள் பரீட்சைமுறை தெரியாத பெற்றோருக்காகச் சொல்கிறேன். உயர்தரம் படிக்கப் பொதுவாக சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். மூன்றிலாவது திறமைச் சித்தி வேண்டும். ஆகவே கணிதத்தில் 'டபிள்யூ' எடுத்த பிள்ளை, இஸ்லாத்திலும் தமிழிலும் வரலாற்றிலும் எவ்வளவு எடுத்தாலும் வாசலில் நின்றுவிடுகிறது. இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம். பன்னிரண்டு வினாக்களில் பத்துக்கு விடை எழுத வேண்டும். தூங்கி வழிகிற பிள்ளை அதில் என்ன செய்யும்?

அவனுடைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பதினோராம் தரத்துக் கணக்குப் பிழைத்தது பதினோராம் தரத்தில் அல்ல. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். மேலே மேலையும் கீழே கீழையும் கூட்டியிருக்கிறான்! இது ஆறாம், ஏழாம் தரத்தில் பிடிபட்டிருக்க வேண்டிய பிழை. யாரையும் குறை கூறவில்லை. நாற்பது பிள்ளைகளுக்குள் ஒரு பிள்ளை ஒளிந்துகொள்வது மிகவும் இலகு.

அவனைப் போல ஏழு பேரைச் சேர்த்து சனிக்கிழமைகளில் பாடசாலையிலேயே வகுப்பு வைத்தேன். கட்டணம் இல்லை. முதல் நாளே அவனிடம் கேட்டேன்: "பன்னிரண்டு கிலோ மாவில் பாதி பாணுக்கு, மூன்றில் ஒரு பங்கு பனிசுக்கு. எவ்வளவு மா போச்சு?"

"பாதி ஆறு, மூணில ஒண்டு நாலு. பத்து கிலோ டீச்சர்." ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"பன்னிரண்டில் பத்து. ஐந்தில் இரண்டா அது?"

கொப்பியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "பாதிய விடக் குறையுமே டீச்சர், அது எப்படி வரும்?" என்று அவனே கேட்டு, ஆறில் ஐந்து என்று அவனே எழுதினான். அன்று அவன் தூங்கவில்லை. அதற்குப் பிறகு விகிதமும் சதவீதமும் பேக்கரியிலிருந்தே வந்தன. 450 கிராம் பாணும், மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதும், இலாபமும் நட்டமும் அவனுக்குத் தெரிந்த சங்கதிகள். கேத்திரகணிதத்துக்குத்தான் பேக்கரி உதவவில்லை. அங்கே நிறுவல் ஒன்றை வரி வரியாக எழுதவைப்பதற்குள் என் தொண்டை வற்றிவிடும்.

இதற்கு நான் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. அதே வருடம் என் மூத்த மகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாள். மற்றத் தாய்மார் சனிக்கிழமைகளில் மாதிரி வினாத்தாளோடு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். நான் ஏழு பேரோடு பாடசாலையில் இருந்தேன். வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளி குறைந்துவிட்டது. அவள் அழவில்லை. "உம்மா, நீங்க மத்தவங்கட பிள்ளைகளுக்குத்தானே டீச்சர்" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது? இன்றும் எனக்குத் தெரியாது. சனிக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாக மாற்றியிருக்கலாம். ஒரு மாதம் நிறுத்தியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. என் பிழைதான் அது.

அந்த நாட்களில் ரியூட்டரி ஒன்றிலிருந்தும் கேட்டார்கள். அந்த வருமானம் இருந்தால் வீட்டுக் கடன் சீக்கிரம் தீரும் என்று கணவர் சொன்னார், வற்புறுத்தவில்லை. ரியூஷன் கொடுக்கும் ஆசிரியர்களை நான் பழிப்பதில்லை. சம்பளச் சீட்டில் கழிவுகள் போக மிஞ்சுவதைப் பார்த்தால் யாரும் பழிக்க மாட்டார்கள். வகுப்பில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியைப் பின்னேரம் காசுக்குச் சொல்பவர்களை மட்டும் எனக்குப் பிடிக்காது. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கேட்டு 2021 ஜூலையில் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது நானும் விலகினேன். மூன்று மாதங்களுக்கும் மேலாக அது நீடித்தது. கோரிக்கை நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளைகளிடமிருந்து வரும் கேள்விகளுக்கு விடை எழுதாமல் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்த இரவுகளும் நினைவிருக்கின்றன. அடுத்த வருடம் பெற்றோலும் இல்லை, தாளும் இல்லை. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தாள் தட்டுப்பாட்டினால் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. நான் வினாக்களைக் கரும்பலகையில் எழுதினேன்.

பையனின் முடிவைக் கேட்பீர்கள். 2018 டிசெம்பரில் எழுதினான். கணிதம் 'டபிள்யூ'. ஏழு பேரில் நால்வர் சித்தியடைந்தார்கள், அவன் இல்லை. பேக்கரியில் முழுநேரமாகச் சேர்ந்துவிட்டான். ஆனால் சனிக்கிழமைகளில், மாவு படிந்த சேட்டோடு, வந்துகொண்டே இருந்தான். 2019 டிசெம்பரில் மறுபடி தோற்றினான்.

பெறுபேறு வெளிவந்தது 2020 ஏப்ரல் கடைசியில். ஊரடங்கு நேரம், நோன்பு தொடங்கி ஓரிரு நாட்கள். தெருவில் ஈ காக்கை இல்லை. அனுமதி பெற்ற பாண் முச்சக்கரவண்டிகள் மட்டும் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அஸருக்குப் பிறகு அப்படியொரு சூன் பாண் வண்டி எங்கள் படலையடியில் நின்றது. முகக்கவசத்தோடு இறங்கியவனை நான் அடையாளம் காணவில்லை. அவன் உள்ளே வரவில்லை. அந்த நாட்களில் யாரும் யாருடைய வீட்டுக்குள்ளும் போவதில்லை. வீதியில் நின்றே கூவினான்:

"டீச்சர்! எஸ்!"

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. படலையின் மேலே ஒரு பார்சலை வைத்துவிட்டுப் போய்விட்டான். இஃப்தாருக்கு நாங்கள் அதைப் பிரித்தோம். ஆறு பனிஸ், இன்னும் சூடாக.

'எஸ்' என்பது சாதாரண சித்தி. பரிசளிப்பு விழாவில் அதற்கு மேடையில்லை. வலயக் கல்விப் பணிமனையின் பகுப்பாய்விலே அது சித்தி வீதத்தை ஒரு புள்ளியின் ஒரு துளி உயர்த்தியிருக்கும். அவன் உயர்தரத்துக்குப் போகவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் மின்வேலை படித்தான். போன வருடம் எங்கள் வீட்டு மின்விசிறியைப் பூட்டித் தந்துவிட்டுக் காசு வாங்க மறுத்தான். நான் ஏசி வாங்க வைத்தேன்.

அந்தக் கலியாண வீட்டுச் சகோதரி ஒரு விடயத்தில் சரியாகத்தான் சொன்னார். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. அதற்காக அல்ஹம்துலில்லாஹ்.

இதை எழுதும்போது இரவு பதினொரு மணி. மேசையில் முப்பத்தெட்டு விடைத்தாள்கள், பதினாறு முடிந்திருக்கிறது. மூத்த மகள் இப்போது உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள். சற்று முன்பு வந்து தேநீரை வைத்தாள். போகும்போது தன் கொப்பியைத் திறந்தபடியே அந்தக் கட்டின் மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.