ஒரு மகரந்தத் துகளில் ஒரு நெற்பயிர்

குன்றத்தூர்ப் பக்கத்தில் வாழும் நம்மில் பலருக்கு நெல் வயல் புதிதல்ல. செம்பரம்பாக்கம் ஏரி நீரை நம்பிப் பயிரிட்ட குடும்பங்களில், இன்று தாத்தா வயலுக்கும் தந்தை ஒரகடம் ஆலைக்கும் செல்வதைக் காண்கிறோம். வயல்கள் குறைகின்றன, சோறு உண்போர் குறையவில்லை. ஆகவே எஞ்சிய நிலத்திற்கு ஏற்ற நல்ல ரகங்கள் விரைவாக வேண்டும். ஆனால் புது ரகம் ஒன்று உருவாகப் பத்தாண்டுகள் வரை ஆவது ஏன்?

நெற்செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் 24 குரோமோசோம்கள் உள்ளன. 12 தாய்வழி, 12 தந்தைவழி. இரு ரகங்களைக் கலந்தால் இவ்விரு பாதிகளும் வேறுபடுகின்றன. அதனால் கலப்புச் செடியின் விதைகளை விதைத்தால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என முளைக்கும். எல்லாம் ஒரே சீராக விளைய ஆறேழு தலைமுறைகள் பொறுக்கியெடுத்து விதைக்க வேண்டும்.

இதைச் சுருக்கும் வழி நம் நாட்டிலேயே பிறந்தது. 1964-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹா என்னும் இளம் பெண் விஞ்ஞானியும் சதீஷ் சந்திர மகேஷ்வரியும் ஊமத்தையின் மகரந்தப் பைகளைச் சத்துக் கூழில் வளர்த்தனர். அவற்றிலிருந்து குட்டிச் செடிகள் எழும்பின! அவை மகரந்தத் துகளிலிருந்தே தோன்றியவை என்று பின்னர் நிறுவினர். 1968-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் நெல்லிலும் இதைச் செய்து காட்டினர்.

செய்முறையைக் காண்போம். கதிர் பொதிக்குள் இருக்கும்போதே பறித்து, சில நாள் குளிரில் வைப்பர். பின் கிருமி நீக்கி, மகரந்தப் பைகளை எடுத்து, சர்க்கரை, உப்புகள், வைட்டமின்கள், ஹார்மோன்கள் கலந்த கூழில் இடுவர். துகள்கள் பெருகி 'காலஸ்' எனும் உருவமற்ற திசுக்கட்டியாகும். ஹார்மோன் அளவை மாற்றிய வேறு கூழில் வைத்தால் அதில் தண்டும் வேரும் தோன்றும்.

மகரந்தத்தில் 12 குரோமோசோம்களே இருப்பதால் இச்செடி மணி பிடிக்காது. நெல்லில் பல செடிகளில் அவை தாமாகவே இரட்டிக்கும். மற்றவற்றிற்குக் கோல்சிசின் மருந்திடுவர். நம் மாநில மலரான செங்காந்தளில் இருக்கும் பொருளே அது! இரட்டித்தபின் இரு பாதியும் ஒன்றே. எனவே ஒரே தலைமுறையில் நிலையான செடி கிடைக்கிறது.

இம்முறையில் பிறந்த, உவர் நிலம் தாங்கும் நெல் ஒன்று 1995-இல் பிலிப்பைன்ஸில் வெளிவந்தது. கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையம் 2008-இல் 'சத்யகிருஷ்ணா' ரகத்தைத் தந்தது.

குறைகளும் உண்டு. நாம் உண்ணும் இண்டிகா நெல்லில் காலஸ் எளிதில் தோன்றாது. பல நாற்றுகள் பச்சையமின்றி வெளுத்து மடியும். வெற்றி பெற்ற செடியையும் வயலில் பல பருவம் சோதித்தே தீரவேண்டும்.

தோழியரே, சோதனைக் குழாயில் சேமித்த ஆண்டுகள் உழவனின் களத்தில் வந்து சேர்கின்றன. தாவரவியல் வகுப்பில் நுண்ணோக்கியின் கீழ் மகரந்தத் துகளைக் காணும்போது, ஊமத்தையில் அதைக் கண்ட அந்தப் பெண்ணையும் நினைவுகூர்வோம்.