கையெழுத்துப் போடும் முன்

பட்டான்செருவில் நிறையத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பீகார், ஒடிசா, தமிழ்நாடு என்று பல இடங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். நாளடைவில் தெலுங்கு பேச வந்துவிடும். ஆனால் பலருக்குப் படிக்க வராது.

ஒரு தமிழ்த் தொழிலாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலை செய்யும் இடத்தில் செம்புக் கம்பி காணாமல் போய்விட்டது. அன்று இரவு ஷிப்டில் இருந்தவர் அவர். சந்தேகத்தின் பேரில் போலீசார் பிடிக்கிறார்கள். தெலுங்கில் எழுதிய ஒரு காகிதத்தை நீட்டி, "இதில் கையெழுத்துப் போடு" என்கிறார்கள். அவர் என்ன செய்ய வேண்டும்?

நாம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டோம். எங்கே போடக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்வோம்.

வழக்கு வந்தாலே குற்றவாளியா?

இல்லை. போலீசார் சொல்வது குற்றச்சாட்டு மட்டுமே. அதை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் வேலை. கோர்ட் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஒருவர் குற்றவாளி.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துள்ளன. சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் மாறிவிட்டன. கீழே சொல்லும் உரிமைகள் மாறவில்லை.

கைது செய்தால் என்னென்ன கேட்கலாம்?

முதலில், "என்னை ஏன் கைது செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். அந்தக் காரணத்தை நமக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே எழுதித் தர முடியாத நிலை என்றால் முதலில் வாயால் சொல்லலாம். ஆனால் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்துவிட வேண்டும். எனவே பட்டான்செருவில் பிடிபட்டாலும், "எனக்குத் தமிழ்தான் தெரியும், தமிழில் தாருங்கள்" என்று கேட்கலாம்.

அடுத்து, வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்றை எழுத வேண்டும். அதில் வீட்டார் ஒருவரோ, அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இந்த விதி எப்படி வந்தது தெரியுமா? ஒரு கடிதத்தால் வந்தது. போலீஸ் காவலில் மக்கள் சாவதைப் பற்றி, மேற்கு வங்கத்தைச் சேர்ந்த டி.கே. பாசு 1986-ல் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டது கோர்ட். 1996-ல் தீர்ப்பு வந்தது. பிறகு அது சட்டத்திலும் சேர்ந்தது.

மூன்றாவது, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. அடித்திருந்தால் அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். காயத்தைக் காட்டுங்கள்.

பெண்களை மாலை இருட்டிய பிறகும், காலை விடியும் முன்பும் கைது செய்யக் கூடாது. மிகவும் அவசியம் என்றால் மாஜிஸ்திரேட்டின் அனுமதி வாங்கி, பெண் போலீஸ் அதிகாரிதான் செய்ய வேண்டும்.

எதில் கையெழுத்துப் போடக் கூடாது?

வெற்றுக் காகிதத்தில் போடாதீர்கள். விசாரணையில் நீங்கள் சொன்னதைப் போலீசார் எழுதிக்கொள்ளலாம். அதில் உங்கள் கையெழுத்தை வாங்கக் கூடாது என்பதே சட்டம்.

பெயரும் முகவரியும் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மற்றதற்கு, "வக்கீலைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்" என்று சொல்லலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. போலீசாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அதைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்து ஒரு பொருளை எடுத்தால், அந்த அளவுக்கு அது ஏற்கப்படும். ஆகவே யோசித்துப் பேசுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே?

பணம் வேண்டாம். 1979-ல் பீகார் சிறைகளில் ஏழைகள் விசாரணையே இல்லாமல் பல ஆண்டுகள் அடைபட்டிருந்தது வெளியே தெரிந்தது. ஹுசைனாரா கதூன் என்ற பெண்ணின் பெயரில் வழக்கு நடந்தது. ஏழைக்கு இலவச வக்கீல் தருவது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1987-ல் இதற்கென்று சட்டம் வந்தது.

பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. மற்ற ஏழைகளுக்கும் வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள். மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பட்டான்செருக்காரர்களுக்குச் சங்காரெட்டியில் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

ஜாமீன் எப்படி?

சிறிய குற்றங்கள் பலவற்றில் ஜாமீன் நமது உரிமை. ஸ்டேஷனிலேயே கேட்கலாம். இப்படிப்பட்ட வழக்கில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், ஏழை என்று கருதிச் சொந்தப் பொறுப்பில் விடவேண்டும். பெரிய குற்றங்களில் கோர்ட்தான் முடிவு செய்யும்.

60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை வருகிறது. கடும் குற்றங்களுக்கு 90 நாள். போதைப்பொருள் போன்ற சில வழக்குகளில் இன்னும் கூடுதல். அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

கோர்ட்டில் குற்றப்பத்திரிகையின் நகல் இலவசமாகத் தருவார்கள். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, "ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்பார்கள். புரியாமல் தலையாட்ட வேண்டாம். "புரியவில்லை, என் மொழியில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வாய்தா நாளைத் தவறவிடாதீர்கள். தவறினால் வாரண்டு வரும்.

சி.பி.ஐ. வழக்கு என்றால்?

சி.பி.ஐ. என்பது மத்திய அரசின் புலனாய்வு அமைப்பு. மத்திய அரசு ஊழியரின் லஞ்சம், பெரிய வங்கி மோசடி போன்றவற்றை விசாரிக்கும். ஹைதராபாத்தில் இதற்குத் தனிக் கோர்ட்டுகள் உண்டு. அங்கேயும் 24 மணி நேர விதி உண்டு, வக்கீல் உரிமை உண்டு.

ஆனால், "சி.பி.ஐ. பேசுகிறேன், போனிலேயே உன்னைக் கைது செய்துவிட்டேன், பணம் அனுப்பு" என்று யாராவது சொன்னால் அவர் திருடர். போனில் கைது என்று ஒன்று சட்டத்தில் இல்லை. போனை வைத்துவிட்டு 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

உங்கள் நோட்டில் எழுதுங்கள்:

1. இலவச வக்கீலுக்கு எந்த எண்?
2. எத்தனை மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும்?
3. அவசரத்துக்கு நீங்கள் கூப்பிடக்கூடிய இரண்டு பேரின் போன் எண்கள் என்ன? அவற்றை மனப்பாடம் செய்யுங்கள். ஸ்டேஷனில் உங்கள் போன் உங்கள் கையில் இருக்காது.