இரு பழைய இஞ்சின்களைக் கொண்டு ஒன்றைச் செப்பனிடுதல்

மோட்டார் இஞ்சினொன்று தேய்ந்து, நீலப்புகை தள்ளவும் எண்ணெய் குடிக்கவும் தொடங்கிய பின் அதன் சொந்தக்காரர் புதிய இஞ்சின் வாங்கலாம். அல்லது தேய்ந்த உறுப்புகளுக்குப் பதிலாகப் புதியன பூட்டலாம். இவ்விரண்டுக்கும் கையில் பணமில்லாதவர் அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கழித்த இஞ்சினை விலைக்கு வாங்கி, இரண்டிலுமுள்ள நல்ல உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கிக் கொள்வதுண்டு. தேங்காயும் மஞ்சளும் தக்காளியும் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்றே ஜீவனமாயிருக்கும் விவசாயிக்கு இவ்வழி பெரிதும் கைகொடுக்கும். ஆயினும் அளவு பாராமல் செய்த வேலையில் வாங்கிய கடனும் போய், வண்டியும் நின்றுவிடும்.

ஒரு யந்திரத்தின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தும் என்பது இன்று வியப்பன்று. மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்திலோ ஒவ்வோர் உறுப்பும் அரத்தால் இழைத்து அதனதன் வண்டிக்கே பொருத்தப்பட்டது. 1908-ஆம் வருஷத்தில் இங்கிலாந்திலுள்ள புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில், ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில், ஒற்றைச் சிலிண்டர் காடிலாக் வண்டிகள் மூன்றை முற்றிலும் கழற்றி, உறுப்புகளை ஒன்றாகக் கலந்தார்கள். அவற்றில் 89 உறுப்புகளை நீக்கி, வியாபாரியின் கையிருப்பிலிருந்து வேறு எடுத்து வைத்தார்கள். அக்குவியலிலிருந்து மீண்டும் மூன்று வண்டிகள் பூட்டப்பட்டு, ஒவ்வொன்றும் 500 மைல் ஓடின. இதற்காகவே அக்கம்பெனிக்கு டூவர் கோப்பை கிடைத்தது.

கோயமுத்தூர் ஜில்லாவுக்கும் இவ்வித்தை புதிதன்று. கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ரட்ஜ் மோட்டார் சைக்கிளொன்றை வாங்கி, அதைக் கழற்றுவதும் பூட்டுவதுமாகவே யந்திர சாஸ்திரத்தைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸுடன் தொழில் தொடங்கினார். பஞ்சாலைகளும் பம்பு செய்யும் பட்டறைகளும் பெருகியதால், லேத் வேலையறிந்த கைகளுக்கு இந்நகரில் பஞ்சமில்லை.

காடிலாக் சோதனையில் கலக்கப்பட்டவை தேயாத உறுப்புகள் என்பதை மறத்தலாகாது. தேய்ந்த உறுப்பு தன் பழைய ஜோடியோடு மட்டுமே இசைந்திருக்கும். சிலிண்டரைப் பாருங்கள். வெப்பம் மிகுந்து எண்ணெய் குறைந்திருக்கும் மேற்பாகத்தில், ரிங் திரும்பும் இடத்திலேயே தேய்வு அதிகம். அதற்கு மேல் ரிங் படாத இடத்தில் சிறு வரம்பு எஞ்சி நிற்கும். ஒன்றின் ரிங்குகளை மற்றொன்றின் சிலிண்டரில் இட்டால் சுவரோடு ஒட்டி நில்லா. வரம்பில் மோதி முறிவதும் உண்டு. ஆகவே சிலிண்டரை மேலும் நடுவிலும் கீழும், ஒவ்வோரிடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, தேய்வு மிஞ்சியிருந்தால் போர் அடித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் இடுதல் வேண்டும். அல்லது லைனர் இறக்க வேண்டும். பிஸ்டனும் ரிங்கும் வாங்குமிடத்தில் சிக்கனம் பார்ப்பது வீண். ரிங்கின் வாய் இடைவெளி, துளையின் ஒவ்வோர் அங்குல விட்டத்திற்கும் ஓரங்குலத்தின் ஆயிரத்தில் 3 அல்லது 4 பங்கு இருத்தல் பொதுவான கணக்கு. மூன்றங்குலத் துளைக்கு 9 முதல் 12 பங்கு வரும்.

பழைய இஞ்சினிலிருந்து எடுக்கத் தகுந்தது கிராங்க். ஆனால் அதில் வெடிப்பு மறைந்திருக்கக் கூடும். கயிற்றில் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால் நல்ல கிராங்க் மணி போல் ஒலிக்கும்; வெடித்தது மொத்தென்று சப்திக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துச் சுண்ணாம்பு மாவு பூசினால், வெடிப்பிலுள்ள எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். பேரிங் உட்காருமிடம் வட்டம் கெட்டிருந்தால் கிரைண்டிங் செய்து, அதற்குரிய அளவில் பேரிங் போட வேண்டும்.

கனெக்டிங் ராடும் அதன் மூடியும் சேர்த்தே துளையிடப்பட்டவை. ஒன்றின் மூடியை மற்றொன்றுக்கு மாற்றுவது பெருந்தவறு; மெயின் பேரிங் மூடிகளுக்கும் இதே விதி. வேறு இஞ்சினின் ராடு வருமாயின் தன் மூடியுடனேயே வரவேண்டும். நான்கு சிலிண்டர் இஞ்சினில் ராடுகளையும் பிஸ்டன்களையும் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது நலம். எடை ஒவ்வாவிடில் இஞ்சின் நடுங்கும். கேம் தண்டை எடுத்தால் டாப்பெட்டுகளையும் உடன் எடுத்து, அதனதன் இடத்திலேயே வைக்க வேண்டும்.

ஹெட்டை மாற்றுவோர் சிறு கணக்கொன்று போட வேண்டும். பிஸ்டன் கடக்கும் இடம் 500 கன சென்டிமீட்டர், அதற்கு மேலுள்ள அறை 100 என்றால் அழுத்த விகிதம் 600-ஐ 100-ஆல் வகுக்க வரும் 6. வேறு ஹெட்டைப் பூட்டியதால் அறை 80 ஆகிவிட்டால், 580-ஐ 80-ஆல் வகுக்க 7¼ ஆகிறது. போல்ட்டு துளைகள் அனைத்தும் பொருந்தியிருந்தும், பளு ஏறும்போது இஞ்சின் தட்டலாம். அதைக் கவனியாது ஓட்டினால் பிஸ்டன் பழுதாகும்.

டைமிங் கியர்களின் குறிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டி, எண்ணெய் எல்லாப் பேரிங்குகளுக்கும் ஏறியதைப் பார்த்த பிறகே இஞ்சினை எழுப்ப வேண்டும். ஆரம்பத்தில் சில நூறு கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றலாகாது. பின்னர் எண்ணெயை மாற்றுதல் அவசியம்.

இத்தகைய வேலைக்குச் சங்கத்தில் கடன் கேட்கும் அங்கத்தினர், பட்டறையில் அளந்த அளவுகளை எழுதி வாங்கி மனுவுடன் சேர்ப்பாராயின் பஞ்சாயத்தார் தீர்மானிப்பது எளிதாகும். இஞ்சின் நம்பர் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில். உள்ளுறுப்புகளை மாத்திரம் மாற்றினால் நம்பர் மாறுவதில்லை. பிளாக்கையே மாற்றினாலோ, பதிவுப் புஸ்தகத்திலுள்ள நம்பர் வண்டியோடு ஒவ்வாது. 1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரிக்கு விண்ணப்பித்துத் திருத்திக் கொள்ள வேண்டும். பழைய இஞ்சினை விற்ற வியாபாரியிடம் அந்நம்பர் குறித்த ரசீது வாங்காவிடில், திருட்டுச் சரக்கன்று என்று காட்ட வழியிராது. கடன் தொகையைக் கொடுக்குமுன் காரியதரிசி ரசீதிலுள்ள நம்பரைப் பிளாக்கிலுள்ள நம்பரோடு நேரில் ஒத்துப்பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.