கோப்பைத் திறக்கப்போனால் நிரல் மூடிப்போகிறதா? அழிக்க முதல் இதைப் படியுங்கள்

கஹவத்தை பஜாரில் கடை வைத்திருப்பவருக்கு மாதத்தின் 10ஆம் திகதி எப்படிப்பட்ட நாள் என்று சொல்லத் தேவையில்லை. தோட்டத்தில் சம்பளம் போடும் நாள். மாதம் முழுவதும் கொப்பியில் எழுதிக் கொடுத்த அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் அன்றைக்குத்தான் காசு வரும். யாருடைய பெயருக்கு நேரே எவ்வளவு நிற்கிறது என்று அன்று உடனே சொல்ல முடியாவிட்டால் ஒன்றில் நமக்கு நட்டம், இல்லாவிட்டால் வாடிக்கையாளரோடு மனக்கசப்பு.

அப்படியான ஒரு 10ஆம் திகதி காலையில்தான் என் கடைக் கணனி காலை வாரியது. கடன் கணக்கை நான் லிப்ரே ஒபிஸில் வைத்திருக்கிறேன். போன மாதத் தாளைத் திறந்து, கொப்பியில் இருந்த பாக்கிகளை ஏற்றி, புதிய மாதத்தின் பெயரில் வைப்பதற்காக 'சேவ் ஏஸ்' என்பதை அமுக்கினேன். பெயர் கேட்கும் பெட்டி வரவில்லை. நிரலே திரையிலிருந்து மறைந்துவிட்டது. மீண்டும் திறந்தபோது, நிரல் தானாக எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து பாதிக்கு மேல் திரும்பி வந்தது. மறுபடியும் 'சேவ் ஏஸ்' அமுக்கினேன். மறுபடியும் மறைந்தது.

கணனி திருத்தும் ஒருவரைக் கூப்பிட்டேன். ஐந்து நிமிடம் பார்த்தார். "நானா, இது லினக்ஸ். இதோட மல்லுக்கட்ட ஏலாது. முழுசா அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தாரேன்" என்றார். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள். நானும் தலையாட்டத்தான் பார்த்தேன். ஆனால் கணக்கைப் பென் டிரைவில் கடைசியாகப் பிரதி எடுத்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த நினைவு வந்ததும் கை நடுங்கியது. அவரை நிற்கச் சொல்லிவிட்டுக் கொழும்பில் வேலை செய்யும் மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மாமா, பதறாதீங்க. கணக்கு எங்கேயும் போகல்ல. பெட்டியிலதான் பிழை. ஒண்டையும் அழிக்க விடாதீங்க" என்றார் அவர்.

அன்று நான் படித்துக்கொண்டதை உங்களுக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில் எம்மவர்களில் பலரும் இப்போது லினக்ஸ் பக்கம் திரும்பி வருகிறார்கள். மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்தியது. பழைய கணனிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. திருட்டுப் பிரதி போடுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குற்றம். அது மனதுக்கும் சரியில்லை. லினக்ஸோ இலவசம். இலவசம் என்பதால் தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமற் போனோரைத் தேடவும் முகாம்களை நிர்வகிக்கவும் நம் நாட்டுத் தொண்டர்கள் உருவாக்கிய 'சஹானா' என்னும் மென்பொருளும் இதைப்போல யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடியதுதான். அது 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் கைகொடுத்தது.

கடையும் நாட்டாமையும்

'ஓப்பன்' அல்லது 'சேவ் ஏஸ்' அமுக்கும்போது கோப்புறைகளைக் காட்டும் ஒரு பெட்டி வருகிறது அல்லவா? அது அந்த நிரலுக்குச் சொந்தமானது என்றுதான் நான் நினைத்திருந்தேன். லினக்ஸில் பெரும்பாலும் அது இரவல் பெட்டி. புறக்கோட்டையில் கடை ஒருவருடையது, மூட்டை தூக்கும் நாட்டாமை பொதுவானவர். பல கடைகளுக்கும் அவரே ஸ்டோருக்குப் போய்ச் சாமான் எடுத்து வருவார். அதைப் போலத்தான் இதுவும். நிரல் என்பது கடை. கோப்புப் பெட்டி என்பது நாட்டாமை.

லினக்ஸில் நாட்டாமைக் கூட்டம் முக்கியமாக இரண்டு. ஒன்றின் பெயர் ஜி.டி.கே. மற்றையது கியூட்டி. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றின் முகப்பில் பெரும்பாலும் ஜி.டி.கே. கே.டி.ஈ. என்னும் முகப்பில் கியூட்டி. பிளட்பெக், ஸ்னெப் என்ற முறைகளில் நிறுவிய நிரல்களுக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. அவற்றில் பல நேரடியாக ஸ்டோருக்குள் நுழைய முடியாது. வாசலில் 'போர்ட்டல்' என்ற காவலாளி நின்று, கேட்ட கோப்பை மட்டும் எடுத்துக் கொடுப்பார். காவலாளி வேலைக்கு வராவிட்டால் பெட்டி திறக்காது. சில வேளை நிரலே மூடிப்போகும்.

பெட்டி திறக்கும் அந்த ஒரு வினாடியில் நாட்டாமை பல வேலை பார்க்கிறார். தன் விதிமுறைப் பட்டியலைப் பார்க்கிறார். அண்மையில் திறந்த கோப்புகளின் பெயர்களை வாசிக்கிறார். நாம் குறித்து வைத்த இடங்களை எடுக்கிறார். செருகியிருக்கும் பென் டிரைவ்களையும், வலையமைப்பில் இணைத்த மற்றக் கணனிகளையும் எட்டிப் பார்க்கிறார். இவற்றில் எங்கு இடறினாலும் அவர் விழுவார். அவர் விழுந்தால் கடையும் சேர்ந்து பூட்டிப்போகும். கணக்குத் தாளில் ஒரு பழுதும் இருக்காது.

முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்

ஏற்கனவே பெயர் உள்ள கோப்பைச் சேமிக்கப் பெட்டி தேவையில்லை. கொன்ட்ரோல் பொத்தானோடு எஸ் எழுத்தை அமுக்கினால் போதும். கோப்பைத் திறக்கவும் பெட்டி தேவையில்லை. கோப்புறைக்குள் போய் அதன் மேல் இரண்டு முறை தட்டினால் திறக்கும். புதுப் பெயர் வேண்டுமானால் கோப்புறையிலேயே பழைய தாளைப் பிரதி செய்து பெயரை மாற்றிவிட்டு, அதைத் தட்டித் திறந்து எழுதுங்கள். அன்று நானும் இப்படித்தான் வியாபாரத்தை ஓட்டினேன். அதன் பின்னர் முழுக் கோப்புறையையும் ஒரு பென் டிரைவுக்கு மாற்றினேன். திருத்த வேலை அதற்குப் பிறகுதான்.

பிழையைத் தேடும் ஒழுங்கு

ஒன்று: வேறொரு நிரலில் 'ஓப்பன்' அமுக்கிப் பாருங்கள். ஒரு நிரல் மட்டும் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் அந்த நிரலில். எல்லாம் விழுந்தால் பொது நாட்டாமையில். என் கணனியில் சாதாரண எழுத்து நிரலும் விழுந்தது.

இரண்டு: பென் டிரைவ்களையும் வலையமைப்பு இணைப்புகளையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஸ்டோரில் இருக்கும் கணனி அணைந்து கிடக்க, அதைத் தேடிப்போய்ப் பெட்டி உறைந்து நிற்பதும் உண்டு.

மூன்று: கணனியில் புதிதாக ஒரு பாவனையாளர் கணக்கை உருவாக்கி அதற்குள் நுழைந்து பாருங்கள். அங்கே சரியாக வேலை செய்தால் பழுது உங்கள் சொந்த அமைப்புகளில் இருக்கிறது. அண்மைக் கோப்புகளின் பட்டியலை வெறுமையாக்குவதாலேயே தீர்ந்த சிக்கல்கள் உண்டு.

நான்கு: டெர்மினல் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, அதிலே நிரலின் பெயரை எழுதி ஓடவிடுங்கள். நிரல் விழும்போது அதற்கான காரணம் கடைசி வரிகளில் வந்து நிற்கும். அதை உங்கள் தொலைபேசியில் படம் எடுத்துத் தெரிந்தவருக்கு அனுப்புங்கள். "வேலை செய்யுதில்ல" என்று சொல்வதை விட அந்த ஒரு படம் ஆயிரம் மடங்கு மேல்.

ஐந்து: லிப்ரே ஒபிஸுக்குச் சொந்தப் பெட்டியும் உண்டு. பல பதிப்புகளில் டூல்ஸ், ஒப்ஷன்ஸ், ஜெனரல் என்று போனால் அதைப் பாவிக்கும்படி அடையாளமிடலாம். நோய் தீராது, ஆனால் அன்றைய வேலை நடக்கும்.

என் கணனியில் டெர்மினல் சொன்ன சங்கதி இதுதான்: கோப்புப் பெட்டிக்கான அமைப்பு விதிகள் நிறுவப்படவில்லை. அதாவது நாட்டாமையின் விதிமுறைப் பட்டியலில் ஒரு தாளைக் காணவில்லை. ஜி.டி.கே. அந்தத் தாள் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்காது. தன்னை அழைத்த நிரலையும் சேர்த்து அந்த இடத்திலேயே நிறுத்திவிடும்.

தாள் எங்கே போனது என்று யோசித்தபோது முந்தின இரவு ஞாபகத்துக்கு வந்தது. புதுப்பிப்பு இருக்கிறது என்று கணனி கேட்க, நானும் "சரி" என்று அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். பாதியில் இடியோடு மழை வந்து கரண்ட் போனது. பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க முதல் கணனி அணைந்திருக்கிறது.

மருமகன் தொலைபேசியில் எழுத்து எழுத்தாகச் சொல்ல, நான் டெர்மினலில் அடித்தேன். அரைகுறையாக நின்ற நிறுவலை முடித்து வைக்க ஒரு கட்டளை. ஜி.டி.கேயின் பொதுக் கோப்புகள் உள்ள பொதியைத் திரும்ப நிறுவ இன்னொன்று. அந்த விதிமுறைப் பட்டியலை மீண்டும் தொகுக்க மற்றொன்று. இணையத்துக்கு என் கைத்தொலைபேசியே உதவியது. எல்லாம் இருபது நிமிட வேலை. 'சேவ் ஏஸ்' அமுக்கினேன். பெட்டி வந்து புதிய பெயரைக் கேட்டது.

திருத்த வந்தவரை நான் குறை சொல்லவில்லை. அவர் தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னார். தவறு என்னுடையதும்தான். சம்பள நாளுக்கு முந்தின இரவு புதுப்பிப்பை ஓடவிட்டது ஒரு தவறு. யூ.பி.எஸ். இல்லாமல் ஓடவிட்டது இரண்டாவது தவறு. நான்கு மாதம் பிரதி எடுக்காமல் இருந்தது எல்லாவற்றிலும் பெரிய தவறு.

இப்போது தினமும் கடை பூட்ட முதல், காசை எண்ணி லாச்சியைப் பூட்டும் கையோடு கணக்கையும் பென் டிரைவுக்கு ஏற்றிவிடுகிறேன். புதுப்பிப்பு மாதத்தின் நடுவில் ஒரு பகல் வேளையில் மட்டும்.

அந்தக் கணக்கில் இருப்பது வெறும் இலக்கங்கள் அல்ல. நம்மை நம்பிக் கடன் வாங்கியவர்களின் பெயர்களும் நாம் அவர்களுக்குக் கொடுத்த வாக்கும் அதில் இருக்கின்றன. தராசு பழுதானால் கடையை இடிப்பவர் எவரும் இல்லை. ஒரு பெட்டி திறக்கவில்லை என்பதற்காகக் கணனியை அழிக்கவும் வேண்டாம். முதலில் பிரதி எடுங்கள், பிறகு கடைசி வரியைப் படியுங்கள்.