சதுர ஆணியை வீழ்த்திய கம்பி ஆணி

ஜப்பானில் பழைய மரக் கோயிலைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது, பிடுங்கிய ஆணியைப் பார்த்தே முந்தைய பழுதுபார்ப்பு எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். சதுரமாக, நுனியை நோக்கிச் சிறுத்துவந்தால் கொல்லர் அடித்தது. உருண்டையாக, ஒரே பருமனில் இருந்தால் 1868-இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியதற்குப் பிந்தையது. கப்பலில் வந்திறங்கிய கம்பி ஆணி, அல்லது அதன் வாரிசு.

சதுர ஆணியின் விலை உலையிலேயே ஏறிவிடும். இரும்பு மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் மாற்றி மாற்றிக் கொட்டி, மூன்று பகலும் மூன்று இரவும் எரிப்பார்கள். வாள் செய்பவர்களுக்காக ஷிமானே மாநிலத்தில் இன்றும் அந்த உலை எரிகிறது. சுமார் 10 டன் மணலும் 12 டன் கரியும் விழுங்கிவிட்டு அது தருவது இரண்டரை டன் உலோகக் கட்டி. அதைக் காய்ச்சி, அடித்து நீட்டி, துண்டாக்கி, முனை கூராக்கி, தலையைத் தட்டிச் சுருட்டினால் ஓர் ஆணி. அதனால் எடோ நகரத்தில், அதாவது பழைய டோக்கியோவில், துருப்பிடித்த ஆணிக்கும் மதிப்பு இருந்தது. அதை வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு மிட்டாய் தரும் வியாபாரிகள் தெருத்தெருவாகக் கூவி வந்தார்கள். நம் ஊர்ப் பேரீச்சம்பழக்காரருக்கு அண்ணன் முறை!

மேல்நாட்டுக் கம்பி ஆணிக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. எஃகுக் கம்பிச் சுருளின் முனையை இயந்திரம் கவ்விப் பிடிக்கும். ஓர் அடியில் தலை உருவாகும். இரு பக்கமும் நெருக்கும் வெட்டுக்கத்திகள் கூர்முனையைச் சீவித் தள்ளும். நெருப்பே வேண்டாம். பெஸ்ஸமர் முறையால் எஃகு மலிந்த பிறகு இந்த ஆணியின் விலை சரிந்தது. அமெரிக்காவில் 1886-இல் மொத்த ஆணி உற்பத்தியில் சுமார் பத்தில் ஒரு பங்காக இருந்த கம்பி ஆணி, 1913-க்குள் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிட்டது.

ஜப்பானால் இதைத் தடுக்கவும் முடியவில்லை. மேலை நாடுகள் திணித்த 1866 ஒப்பந்தம், இறக்குமதி வரியைச் சுமார் 5 சதவீதத்தில் கட்டிப்போட்டிருந்தது. வரி விதிக்கும் முழு உரிமை 1911-இல்தான் திரும்பக் கிடைத்தது. இடையில் விலை நேர்கோட்டில் இறங்கவும் இல்லை. தங்கத்துக்கு எதிராக வெள்ளி மதிப்பிழந்தபோது, வெள்ளியைச் சார்ந்திருந்த யென்னில் வெளிநாட்டுச் சரக்கு விலை கூடியது. அமெரிக்க ஆணி முதலாளிகள் 1895-இல் கூட்டணி கட்டி, ஓராண்டுக்குள் தங்கள் நாட்டு விலையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றினார்கள். 1896 முடிவதற்குள் கூட்டணி உடைந்து விலை விழுந்தது. அதற்கடுத்த ஆண்டே வங்கி முதலாளி யசுதா சென்ஜிரோ டோக்கியோவில் ஆணி ஆலை தொடங்கினார். துணிச்சல்தான். யவத்தா அரசு எஃகாலையின் உலை 1901-இல்தான் எரியத் தொடங்கியது. அதுவரை ஆணிக்கான கம்பிக்கே கப்பலை எதிர்பார்க்க வேண்டும்.

மலிவு வென்றது, தரம் அல்ல என்று சொல்லிவிடலாமா? பாதி உண்மை. நாரா அருகே உள்ள ஹொர்யூஜி கோயிலின் ஆணிகள் சுமார் 1,300 ஆண்டுகள் தாங்கியிருக்கின்றன. மரக்கரியில் உருவான இரும்பில் கந்தகம் மிகக் குறைவு. போதாததற்கு, ஆப்புபோல் சிறுத்துச் செல்லும் ஆணியின் சதுர உடலை மரத்தின் நார்கள் நான்கு பக்கமும் இறுக்கிப் பிடிக்கின்றன. அதனால்தான் யகுஷிஜி கோயிலை மீண்டும் எழுப்பிய தலைமைத் தச்சர் நிஷியோக்கா சுனெக்காசு, கொல்லர் ஷிரத்தாக்கா யுகினோரியிடம் ஆயிரக்கணக்கான ஆணிகளைப் பழைய முறையில் அடித்து வாங்கினார். ஆனால் சாதாரணக் குடும்பத்தின் வீடு 1,300 ஆண்டு நிற்க வேண்டியதில்லை. அந்த வீட்டைக் கட்டிய தச்சருக்குக் கம்பி ஆணி வரப்பிரசாதம்.

அடி விழுந்தது நீகாத்தா மாநிலத்துக் கொல்லர்களுக்கு. அங்கே சான்ஜோவில் 1620-களில் எடோ கொல்லர்களை வரவழைத்து, வெள்ளத்தில் நொடித்த விவசாயிகளுக்கு ஆணி அடிக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கம்பி ஆணி வந்ததும் அந்த ஊர் கைக்கருவிகளுக்கு மாறியது. பக்கத்து ஊரான சுபாமே செம்புப் பாத்திரம், அரம், புகைக்குழாய் என்று தடுமாறி, 1911 வாக்கில் முள்கரண்டியும் கரண்டியும் செய்யத் தொடங்கியது. இன்று ஜப்பானில் தயாராகும் உலோகக் கரண்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்த ஊருடையவை.